போர்னுக்குப் பேர் எழுதிக் குடுத்த கிளார்க்

ஒரு ஆக்‌ஷன் நாவல்ல எது நிக்குது எது நிக்கலன்னு தெரிஞ்சுக்கணும்னா தனியா உக்காந்து படிச்சா பத்தாதுங்க. கதை கேட்டு வளந்த, இங்கிலீஷ் படிக்க வராத, நம்ம மூஞ்சிக்கு நேராவே கொட்டாவி விடக்கூடிய ஒரு பெரியவருக்கு அதை வாயால சொல்லிப் பாக்கணும். படிக்கும்போது பக்கம் தானா ஓடிடும், பிடிக்காத இடத்தை நம்ம கண்ணே தாண்டிப் போயிடும், நமக்கே தெரியாது. சொல்லும்போது அப்படித் தாண்ட முடியாது, அடுத்து என்னன்னு அவர் கேக்கணும், கேக்கலன்னா அந்த அத்தியாயம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். எனக்கு இப்படி ஒரு பரீட்சை வாச்சது ராபர்ட் லட்லமோட ‘தி போர்ன் ஐடென்டிட்டி’க்கு. 1980ல வந்த புக்கு. படத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க, அதனால கதைச் சுருக்கம் எல்லாம் எழுதப் போறதில்ல. ஆனா 2002ல வந்த அந்தப் படத்துக்கும் இந்த புக்குக்கும் சொந்தம் ரொம்ப தூரம், அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லைக் கொண்டுபோய் கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு டோக்கனுக்காக காத்துக் கெடந்த நேரம். டெல்டாக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. தை மாசப் பனி, ராத்திரி படுதா போட்டு மூடலன்னா காலையில ஈரப்பதம் ஏறிப்போய் 17 சதவீதத்தை தாண்டிடுச்சும்பாங்க, அதனால ஆளுக்கு ஒரு கயித்துக் கட்டிலையோ சாக்கையோ போட்டுக்கிட்டு அவங்கவங்க அம்பாரத்துக்குப் பக்கத்துலயே படுக்கை. எனக்கு அடுத்த குவியல் ஏட்டய்யாவோடது. ரிட்டயர்டு ஏட்டு, அதுலயும் தனிப்பிரிவு. ஸ்டேஷன்ல ஒருத்தர் யூனிஃபார்ம் போடாம டீக்கடையில உக்காந்திருப்பாரே, எந்த ஊர் திருவிழாவுல யாருக்கு முதல் மரியாதைன்னு தகராறு வரும், எந்தக் கூட்டத்துல யார் என்ன பேசினாங்க, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகலன்னு கேட்டு வச்சிக்கிட்டு சாயங்காலம் மேல ரிப்போர்ட் அனுப்புவாரே, அவர்தான். அதாவது நம்ம ஊர் அளவுல நிஜமான ஒரு ஸ்பை. நான் மொபைல் டார்ச் வெளிச்சத்துல படிச்சிட்டு இருந்ததைப் பாத்துட்டு “என்ன தம்பி புக்கு?”ன்னாரு. ஒற்றர் கதைன்னேன். “அட, நம்ம ஆளா, சொல்லேன் கேப்போம்”னு முண்டாசை இறுக்கிக் கட்டிக்கிட்டு திரும்பிப் படுத்தாரு.

அவர் எழுந்து உக்காந்த இடம்

ஆரம்பம் கேக்கவே வேணாம், அபாரம். நடுக்கடல்ல குண்டடி பட்டு மிதக்குறவனை மீன்புடிக்கிறவங்க தூக்கிட்டு வந்து ஒரு சின்னத் தீவுல குடிகார டாக்டர் ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கிறாங்க. வாஷ்பர்ன்னு அந்த டாக்டர் பேரு. ஆளுக்கு ஞாபகம் சுத்தமா போயிடுச்சு. இடுப்புத் தோலுக்கு அடியில ஒரு மைக்ரோஃபிலிம் துண்டு, அதுல ஜூரிக்ல இருக்குற ஒரு பேங்க்கோட கணக்கு நம்பர். ஏட்டய்யா கேட்ட முதல் சந்தேகம், ஞாபகமே இல்லாதவனுக்கு சண்டை மட்டும் எப்படித் தெரியும்ங்கறது. நான் பதில் யோசிக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு, ரிட்டயராகி இத்தனை வருஷம் கழிச்சும் டீக்கடையில வாசலுக்கு முதுகைக் காட்டி உக்கார தனக்கு வரமாட்டேங்குது, பேரப்புள்ளைங்க கேலி பண்ணுதுங்க, உடம்பு வேற நோட்டுல எழுதி வச்சிருக்கும் தம்பின்னாரு. லட்லம் அம்பது பக்கம் செலவு பண்ணி டாக்டர் வாயால விளக்குறதை இவர் ஒரே வாக்கியத்துல முடிச்சுட்டாரு.

அப்பறம் ஜூரிக். இங்கதான் எனக்கு இந்தக் கட்டுரையே பொறந்தது. அவன் ஒரு ஓட்டலுக்குள்ள போறான், அங்க ரிசப்ஷன்ல இருக்குற கிளார்க்குக்கு அவனைத் தெரியுது, திரும்ப வந்ததுக்கு சந்தோஷம்ங்கற மாதிரி வணக்கம் வைக்கிறான். ஆனா நம்மாளுக்கு தன் பேரே தெரியாது. பேரைக் கேக்கவும் முடியாது, எந்த மனுஷன் போய் ஏங்க என் பேரு என்னன்னு கேப்பான். ரிஜிஸ்டர் கார்டை நீட்டுறாங்க, அதுல எழுதணும். அப்ப அவன் கை சுளுக்கிடுச்சு, நீங்களே எழுதிடுங்களேன், கையெழுத்தை மட்டும் எப்படியோ போட்டுடறேன்னு சொல்றான். கிளார்க் மரியாதையா எழுதித் திருப்பிக் காட்டுறான். அப்பதான் அவன் தன் பேரை முதல்தடவையா படிக்கிறான். ஜே. போர்ன், நியூயார்க்.

இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏட்டய்யா எழுந்து உக்காந்துட்டாரு. போர்வை கீழ கெடக்கு. “யப்பா… கை வலிக்குதுன்னுட்டானா!” இதே வார்த்தையை ரெண்டு மூணு தடவை சொல்லிச் சொல்லி சிரிச்சாரு, பக்கத்துக் குவியல்ல படுத்திருந்தவரை எழுப்பி அவருக்கும் சொல்லச் சொன்னாரு. துப்பாக்கி இல்ல, கத்தி இல்ல, ஒரு மேஜை, ஒரு பேனா, ஒரு கார்டு. ஐநூறு பக்கத்துக்கு மேல இருக்குற அந்த புக்குல என்னைக் கேட்டா இதைவிட டென்ஷனான இடம் வேற கிடையாது. அடுத்து பேங்க்லயும் அதே கதைதான், அந்தக் கணக்கு நம்பரை அவன் கையால எழுதிக் காட்டணும், கையெழுத்து ஒத்துப்போனாதான் கதவு தொறக்கும், மூளைக்கு ஞாபகம் இல்லாதது கைக்கு இருக்கான்னு பாக்குறாங்க. அப்பறம் கோடிக்கணக்குல பணம் கெடக்குதுன்னு தெரியுது, சந்தோஷப்பட வேண்டியவன் பயந்து போறான், இவ்வளவு பணம் நல்லவன்கிட்ட எப்படி இருக்கும்னு. இதெல்லாம் எழுதத் தெரிஞ்சவன் எழுதினது.

படுதாவை சரிபண்ணப் போன நேரங்கள்

சரி, பேங்க்ல இருந்து வெளிய வந்ததும் சுட ஆரம்பிக்கிறாங்க. லிஃப்ட்ல சண்டை, ஓட்டல்ல சண்டை, கார்ல சண்டை, படிக்கட்டுல சண்டை. நான் நல்லாத்தான் சொன்னேன், கையெல்லாம் ஆட்டித்தான் சொன்னேன். ஏட்டய்யா எழுந்து போய் படுதா ஓரத்துல செங்கல் வச்சிட்டு வந்தாரு. சரி காத்தடிக்குது போலன்னு விட்டுட்டேன். மறுநாள் ராத்திரி கதை பாரிஸுக்குப் போச்சு, அங்க ஒரு துப்பாக்கிச் சூடு வந்ததும் மறுபடி எழுந்து போயிட்டாரு. அப்பறம்தான் எனக்கு பேட்டர்ன் புரிஞ்சது, எப்பல்லாம் எவனாவது துப்பாக்கியை எடுக்குறானோ அப்பல்லாம் இவருக்கு நெல்லு ஞாபகம் வந்துடுது. ஏங்கய்யா சண்டை பிடிக்கலையான்னு கேட்டேன். “அவன் சாகமாட்டான்ல, அப்பறம் என்னத்துக்கு நான் பயப்படணும்? சுட்டவனை எல்லாம் அப்படியே போட்டுட்டுப் போறான், அந்தப் பொணத்துக்கெல்லாம் யாரு இன்க்வெஸ்ட் எழுதறது? ஒரு பொணம் விழுந்தா எங்களுக்கு எத்தனை நாள் தூக்கம் போகும் தெரியுமா”ன்னாரு.

ஸ்பை த்ரில்லர் மேல பொதுவா சொல்ற குறை, நம்பற மாதிரி இல்லங்கறதுதான். அது எனக்கு பெரிய குறையாப் படல, நம்பற மாதிரி இருக்கணும்னா பேப்பர் படிச்சுக்கலாம். ஏட்டய்யா சொன்ன குறை வேற. இந்த புக்குல தோட்டாவுக்கு மட்டும் பின்விளைவு கிடையாது. மத்த எல்லாத்துக்கும் உண்டு. ஒரு போன் பண்ணா அதுக்கு ஒரு விளைவு வருது, ஒரு செக்கை மாத்தினா அதுக்கு வருது, ஆனா மனுஷனைச் சுட்டா அடுத்த பக்கத்துல காபி குடிக்கிறாங்க. போர்னுக்கே குண்டடி படுது, ரத்தம் கொட்டுது, கொஞ்ச நாள் ஒரு சத்திரம் மாதிரி இடத்துல படுத்து எந்திரிச்சா சரியாயிடுது. ஒரு எழுத்தாளன் எதைக் கனமா எழுதுறானோ அதுதான் நமக்கும் கனமாத் தெரியும்.

கெய்ன்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். கதையோட நடுவுல தெரியவருது, போர்ன்ங்கறவன் கெய்ன்ங்கற பேர்ல ஆசியா முழுக்க கொலை பண்ணின பெரிய கூலிக் கொலைகாரன்னு. அவனே அதை நம்பிடறான், பாவம். ஆனா நிஜம் என்னன்னா கெய்ன்னு ஒருத்தனே கிடையாது. அமெரிக்க உளவுத்துறையில ட்ரெட்ஸ்டோன்னு ஒரு சின்ன கூட்டம், கார்லோஸ்ங்கற பயங்கரவாதியை பொறியில மாட்டவைக்கறதுக்காக ஒரு போட்டிக் கொலைகாரனை உருவாக்குறாங்க. எங்க எவன் செத்தாலும், எவன் கொன்னுருந்தாலும், அந்தக் கணக்கை கெய்ன் பேர்ல ஏத்திடறது. மூணு வருஷத்துல ஊர் உலகம் பூரா கெய்ன் பேரு பரவி, கார்லோஸுக்கு எரிச்சல் வந்து வெளிய வரணும். அதுதான் திட்டம். தூண்டில் முள்ளுல மாட்டின புழுவுக்கே தான் புழுங்கறது மறந்துபோச்சு, அதான் கதை.

நான் இதை ஒரு பெரிய அதிர்ச்சி மாதிரி குரலை எல்லாம் தாழ்த்திச் சொன்னேன். ஏட்டய்யா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம் பீடியைப் பத்தவச்சுக்கிட்டு மெதுவா, “இது பெரிய ரகசியமா தம்பி? ஒரு திருட்டுப்பயல் சிக்கினான்னு வை. ஸ்டேஷன்ல ஆள் தெரியாம கெடக்குற பழைய கேஸெல்லாம் இருக்கும், ஆடு, சைக்கிள், மோட்டார் ஒயர். எல்லாத்தையும் அவன் தலையில கட்டிவிட்டா ஃபைல் முடிஞ்சுது. கொஞ்ச வருஷத்துல அவன் பெரிய கேடி. சில பயலுக்கு அதுல ஒரு பெருமை கூட வந்துடும், நான்தான் பண்ணேன்னு அவனே சொல்லிக்கிட்டுத் திரிவான்”னாரு. இதை அவர் தப்பு சரின்னு எல்லாம் சொல்லல, சும்மா தகவலாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் பனியில வேர்த்துச்சு.

அந்த ராத்திரிக்கு அப்பறம் அந்த நாவலை நான் பாக்குற பார்வையே மாறிப்போச்சு. அதுவரைக்கும் நானும் எல்லாரை மாதிரியும் இது ஒரு வேகமான சேஸிங் கதை, நடுநடுவுல கொஞ்சம் புத்திசாலித்தனம்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். இப்ப தலைகீழாத் தெரியுது, இது முழுக்க முழுக்க பேப்பர் கதை. பேரு ஒரு ஓட்டல் கார்டுல இருந்து வருது, அடையாளம் ஒரு பேங்க் ஃபைல்ல இருந்து வருது, பாவம் புண்ணியம் ஒரு உளவுத்துறை ஃபைல்ல இருந்து வருது. நியூயார்க்ல ட்ரெட்ஸ்டோன் கூட்டத்துக்குன்னு இருந்த வீட்டுல இருந்தவங்களை கார்லோஸ் ஆளுங்க கொன்னுட்டு போர்னோட கைரேகையை அங்க பதிச்சுட்டுப் போறாங்க, அவ்வளவுதான், அவனை அனுப்பின அரசாங்கமே அவனைக் கொல்லத் தேடுது. கைரேகை சொல்லிடுச்சே, அப்பறம் மனுஷன் சொல்றதை யார் கேக்கப்போறா. சிட்டாவுல பேர் தப்பா ஏறிப்போய் தன் நிலத்தைத் தன்னுதுன்னு நிரூபிக்க தாலுகா ஆபீஸுக்கு நடையா நடந்தவங்களுக்கு இந்த பயம் புரியும், அதுக்கு ஜூரிக் போகணும்னு இல்ல.

நம்ம ஊர் கதைகளும் இதே மாதிரிதானே. பொன்னியின் செல்வன்ல வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில குதிரையில வர்றான்னா கையில என்ன இருக்கு, ரெண்டு ஓலை. தஞ்சாவூர் கோட்டைக்குள்ள நுழையறது நந்தினி குடுத்த பனை முத்திரை மோதிரத்தைக் காட்டித்தான், வாளைக் காட்டி இல்ல. மாட்டிக்கிட்டா அவன் முதல்ல வாயைத் திறப்பான், வாய்க்கு வந்த கதையை விடுவான், சண்டையில பாதி நேரம் அடிதான் வாங்குவான். அவன் தோத்துடுவானோன்னு நமக்கு பயம் இருக்கறதாலதான் ஆழ்வார்க்கடியான் மரத்துக்குப் பின்னாடி நின்னாலே நெஞ்சு அடிச்சுக்குது. அதைவிட ஒண்ணு. ஆதித்த கரிகாலன் கொலை பத்தி நமக்கு கெடைச்சிருக்குற நேரடி சாட்சி காட்டுமன்னார்கோவில் பக்கத்துல உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனோட 2ஆவது ஆட்சியாண்டுல வெட்டினது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிங்க பேரு அதுல இருக்கு. ஆனா அந்தக் கல்வெட்டு எதைப் பத்தினதுன்னு பாத்தா, பறிமுதல் பண்ணின அவங்க சொந்தக்காரங்க நிலத்தைப் பத்தினது! ஒரு இளவரசன் கொலை, எப்படிக் குத்தினாங்க எங்க குத்தினாங்கன்னு ஒரு வரி இல்ல, நில விவகாரத்தை எழுதி வச்சிருக்கான். ஏட்டய்யாகிட்ட இதைச் சொன்னப்ப அவர் ஆச்சரியமே படல, “பின்ன, நிலந்தானே நிக்கும்”னுட்டு பீடியை அணைச்சாரு.

என் வீட்டம்மாவோட கேஸ்

மேரிங்கற கனடாக்காரப் பொண்ணு விஷயத்துல ஏட்டய்யா வாயைத் திறக்கல, அந்தக் குறையைச் சொன்னது என் வீட்டம்மா. போர்ன் தப்பிக்கறதுக்காக ஓட்டல்ல மாட்டின அந்தப் பொண்ணை பிணையா இழுத்துட்டுப் போறான், அடிக்கிறான், மிரட்டுறான். அப்பறம் வேற ரௌடிங்ககிட்ட இருந்து காப்பாத்துறான், அதோட காதல் வந்துடுது. “நாலு நாளைக்கு முன்னாடி கையை முறுக்கினவன்ட்ட எப்படி இது? அவ படிச்ச பொண்ணுதானே?”ன்னாங்க. எனக்கு பதில் இல்ல, லட்லம்கிட்டயும் இருக்கற மாதிரி தெரியல. இதுல எரிச்சல் என்னன்னா மேரிதான் அந்த புக்குல இருக்குற நல்ல மூளை. அவ அரசாங்கத்துல வேலை பாக்குற பொருளாதார நிபுணி, பணம் எங்க இருந்து எங்க போச்சுன்னு பின்னாடியே போய் அவன் கொலைகாரனா இருக்க முடியாதுன்னு கண்டுபிடிக்கிறவ அவதான். காதலே இல்லாம, எனக்கு இந்தக் கணக்கு இடிக்குது, இதை முடிக்காம நான் போகமாட்டேன்னு அவ கூட வந்திருந்தா எவ்வளவு கெத்தா இருந்திருக்கும்.

பேச்சு நடையும் ஒரு தொல்லை. லட்லம் நாவல் எழுத வர்றதுக்கு முன்னாடி நாடக நடிகர், நாடகத் தயாரிப்பாளர், முதல் நாவல் வந்ததே 1971ல. அந்த நாடகப் பழக்கம் அவரை விடல. வாஷிங்டன்ல நாலு அதிகாரி ஒரு ரூம்ல உக்காந்தாங்கன்னா கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி பேசுறாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதை எல்லாருக்கும் விளக்குறாங்க, வாக்கியத்துக்கு வாக்கியம் ஆச்சரியக்குறி. பாரிஸ்ல ஒரு துணிக்கடை வழியா கார்லோஸுக்குத் தகவல் போறதைக் கண்டுபிடிக்கிற பகுதியில போன் மேல போன். அதை எல்லாம் நான் ஏட்டய்யாவுக்கு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டு நகர்ந்துட்டேன், கதை ஒண்ணும் குறைஞ்சு போகல. ஆனா அதே பாரிஸ்லதான் வில்லியர்ஸ்னு ஒரு கிழட்டு ஜெனரல் வர்றாரு. மகனை கார்லோஸ் கொன்னுட்டான், இப்ப கூட இருக்குற இளம் பொண்டாட்டியே கார்லோஸோட ஆளுன்னு தெரியவருது. தெரிஞ்சதுக்கு அப்பறமும் அவர் அதே வீட்டுக்குள்ள போய் முகத்துல ஒண்ணும் காட்டாம அவகூட இருக்கணும். துப்பாக்கிக் கூட்டத்துக்கு நடுவுல இப்படி ஒரு மனுஷனை எழுதினதுக்காக மத்ததை மன்னிக்கலாம்னு தோணும். அவர் கதையைச் சொன்னப்ப படுதா காத்துல அடிச்சுக்கிட்டு கெடந்துச்சு, ஏட்டய்யா எழுந்திருக்கவே இல்ல.

கார்லோஸ் பிடிபட்ட விதம்

கடைசியா கார்லோஸ். இவன் கற்பனை ஆள் இல்ல, நிஜமாவே இருந்தவன், வெனிசுலாக்காரன், இலிச் ராமிரெஸ் சாஞ்செஸ்னு பேரு, 1975ல வியன்னாவுல ஓபெக்ங்கற எண்ணெய் நாடுகள் அமைப்போட கூட்டத்துல மந்திரிங்களைப் பிணையா பிடிச்சவன். நாவல்ல வர்ற கார்லோஸ் அவனோட நிழல்கூட இல்ல, அவன் எங்கயும் இருக்கான், எல்லாம் தெரிஞ்சவன், பாதிரியார் வேஷம் போடுறான், உலகத்துல நடந்த பெரிய கொலைங்களை எல்லாம் ஜாடையா அவன் கணக்குல ஏத்துறாங்க. ட்ரெட்ஸ்டோன் கெய்னுக்கு பண்ணினதையேதான் லட்லம் கார்லோஸுக்கு பண்ணியிருக்காரு, அடுத்தவன் பண்ணினதை எல்லாம் ஒருத்தன் தலையில கட்டுறது. இதுல ஒரு கிறுக்குத்தனமான சங்கதியும் இருக்கு, நிஜ ஆளுக்கு ‘ஜாக்கல்’ங்கற பட்டப்பேரு வந்ததே லண்டன்ல அவன் சாமான் இருந்த ஒரு வீட்டுல ஃபார்சைத்தோட ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ நாவல் கெடந்ததை ஒரு பத்திரிகை நிருபர் பாத்ததாலதான். ஒரு நாவல்ல இருந்து பேரு வாங்கிக்கிட்டு இன்னொரு நாவலுக்குள்ள போனவன்.

க்ளைமாக்ஸ்ல நியூயார்க்ல அந்த ட்ரெட்ஸ்டோன் வீட்டுக்குள்ள இருட்டுல போர்னும் கார்லோஸும் வேட்டை ஆடுறாங்க, பக்கம் பக்கமா சுடுறாங்க, கடைசியில கார்லோஸ் தப்பிச்சுப் போயிடறான். “பிடிக்கலையா? இவ்வளவு தூரம் வந்துட்டு?”ன்னு ஏட்டய்யாவுக்கு நிஜமாவே கோவம். சரி இவரை இப்படி விடக்கூடாதுன்னு நிஜக் கதையைச் சொன்னேன். 1994ல அவன் சூடான்ல கார்ட்டூம் ஊர்ல இருந்தான். பிரெஞ்சுக்காரங்க சூடான் அரசாங்கத்துகிட்ட பேசி முடிச்சாங்க, அவனுக்கு மயக்க மருந்து குடுத்து கட்டித் தூக்கி விமானத்துல ஏத்தி பாரிஸுக்குக் கொண்டுபோய் கோர்ட்ல நிறுத்திட்டாங்க, 1997ல ஆயுள் தண்டனை, இவ்வளவுதான்.

“ஒரு தோட்டா கூட செலவாகலையா?”

இல்லைங்கய்யான்னேன். ஏட்டய்யாவுக்கு அப்பதான் மூஞ்சி தெளிஞ்சுது. அங்க பேசி முடிச்சது யாரா இருக்கும், நம்ம மாதிரி ஒருத்தன்தான் டீக்கடையில உக்காந்து முடிச்சிருப்பான்னாரு. அப்பறம் அந்த எழுத்தாளர் கொஞ்சம் பொறுத்து எழுதியிருந்தா கடைசி அம்பது பக்கம் மிச்சமாயிருக்குமேன்னாரு. 1980ல எழுதினவருக்கு 1994 எப்படித் தெரியும்னு கேட்டேன். “தெரிய வேணாம். ஓட்டல் கிளார்க்கை அப்படி எழுதினவனுக்கு யோசிச்சா வந்திருக்கும்.” இதுல மட்டும் எங்களுக்குள்ள இன்னும் ஒத்துப்போகல. தப்பிச்சுப் போனாதானே அடுத்த பாகம் எழுத முடியும்னு நான் சொல்றேன், அது வியாபாரம் தம்பி, கதை இல்லங்கறாரு அவரு.